அரசுப் பூங்காக்களை நிர்வகிக்கும் பணி: நீலகிரியை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டக்கலை படிக்கும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், வேறு வேலையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அரசுப் பூங்காக்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நீலகிரியைச் சேர்ந்தவை. ஒரே மாவட்டத்தில், ஒரே துறையின் கீழ் இத்தனை வகைப் பூங்காக்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை.

ஒரு பூங்காவைப் பார்த்துக்கொள்வதற்கும் பல பூங்காக்களைச் சேர்த்து நிர்வகிப்பதற்கும் என்ன வேறுபாடு?

நிறைய இருக்கிறது. நீலகிரியில் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ளவற்றைப் பாருங்கள். ஊட்டியில் 1848இல் உருவாகத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்கா, ஏறத்தாழ 22 ஹெக்டேர். அதே ஊரில் 1995இல் அமைந்த ரோஜா பூங்கா. குன்னூரில் 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா, 12 ஹெக்டேர். காட்டேரிப் பூங்கா, தொட்டபெட்டா தேயிலைப் பூங்கா. மலையிறக்கத்தில் பர்லியாறு, கல்லாறு பழப்பண்ணைகள்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குன்னூர் அதைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்ந்தது. கல்லாறு மலையடிவாரம், அங்கே மங்குஸ்தான் காய்க்கிறது. ஊட்டியில் உறைபனி விழும் வாரத்தில் கல்லாற்றில் ஆள்கள் சட்டை நனைய வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒரே உத்தரவை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் ஏதோ ஓரிடத்தில் செடி சாகும். எங்கே எப்போது ஆள் தேவை, எந்த நாற்றை எங்கிருந்து எங்கே கொண்டுபோவது, எந்த எந்திரத்தை எந்தப் பூங்காவுக்கு முதலில் தருவது என்பதுதான் பல பூங்காக்களைக் கவனிப்பவரின் அன்றாடக் கணக்கு.

என்ன படிக்க வேண்டும்?

அரசுப் பணிக்கு நேரான வழி, நான்கு ஆண்டு பி.எஸ்சி. தோட்டக்கலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கோயம்புத்தூர், பெரியகுளம் ஆகிய இடங்களில் தோட்டக்கலைக் கல்லூரிகள் உள்ளன. திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. அது உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு வழி திறக்கிறது. பட்டம் பெற்றவர்கள் தோட்டக்கலை அலுவலர் பணிக்கும், முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் நேரடியாகத் தோட்டக்கலை உதவி இயக்குநர் பணிக்கும் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வை எழுதலாம். கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

முதுநிலையில் மலரியலும் நில எழிலூட்டுதலும் எடுத்தவர்களுக்குப் பூங்கா வேலை சற்று எளிதாகப் பிடிபடும். ஆனால் என்னைக் கேட்டால், மண்ணியலையும் வடிகால் பாடத்தையும் கவனமாகப் படித்தவரைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன். தாவரவியல் பூங்கா அமைவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்குப் பழைய பதிவுகள் இருக்கின்றன: மேல்பகுதி செங்குத்தான காட்டுச் சரிவு, நடுவே ஆழமான ஓடைப் பள்ளங்கள், கீழ்ப்பகுதி சதுப்பு. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அந்தச் சதுப்பையும் சரிவையும்தான் பூங்காவாக்கினார். இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கீழ்ப்பகுதிப் பசுமைக்கு அடியில் இருப்பது அந்த ஈர நிலம். வடிகாலை ஓராண்டு மறந்தால் நிலம் தன் பழைய குணத்தைக் காட்டிவிடும்.

தோட்டக்கலை அலுவலராகத் தேர்வானால் பூங்காவில்தான் வேலையா?

இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. துறையின் பெரும்பகுதி விவசாயிகளோடு வேலை செய்கிறது: காய்கறி, பழம், மலைத்தோட்டப் பயிர்கள், சொட்டுநீர்ப் பாசன மானியம் இவைதான். 1979இல் வேளாண்மைத் துறையிலிருந்து பிரித்துத் தோட்டக்கலைக்கெனத் தனித்துறை அமைத்த நோக்கமும் அதுவே. பூங்காவும் பண்ணையும் அதன் ஒரு கை. நீங்கள் ஏதோ ஒரு வட்டாரத்தில் சில ஆண்டுகள் வெங்காய விவசாயிகளோடு இருந்துவிட்டுத்தான் மலைக்கு வர நேரலாம், வராமலேயும் போகலாம்.

அந்த வட்டார அனுபவம் வீண் போகாது. விவசாயியிடம் பேசிப் பழகியவர் பூங்காப் பணியாளரிடமும் பேசத் தெரிந்தவராக இருப்பார். நேராகப் பூங்காவுக்கு வந்தவர்களில் சிலருக்கு அது கைகூடுவதற்குப் பல ஆண்டுகள் ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம்?

தோட்டக்கலை அலுவலருக்கு அடிப்படை ஊதியம் 37,700 ரூபாயிலும், உதவி இயக்குநருக்கு 56,100 ரூபாயிலும் தொடங்குகிறது. அகவிலைப்படி முதலியவை தனி. விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று படிகள் போகின்றன.

ஓர் ஆண்டு எப்படி நகரும்?

பார்வையாளர்கள் மே மாதத்தைப் பார்க்கிறார்கள். அந்த மே மாதம் முந்தைய டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது.

ஊட்டியில் மலர்ப் பருவம் இரண்டு. ஏப்ரல், மே முதல் பருவம். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் பருவம். இரண்டாம் பருவம் முடிந்ததும் உறைபனி வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளி விடியற்காலையில் வெள்ளையாகக் கிடக்கும். பயணிகளுக்கு அது காட்சி, நமக்குக் கவலை. மென்மையான செடிகள் ஒரே இரவில் கருகிவிடும். அதனால் மாலையில் மிலார், தாகைச் செடிகளைக் கொண்டு பாத்திகளை மூடுவார்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். வெயில் முந்திவிட்டால் தெளித்தும் பயனில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து வந்து அந்தக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுபவர்களை நம்பித்தான் அடுத்த பருவம் இருக்கிறது.

இந்தப் பனிக்காலத்திலேயே கோடைக்கான விதைப்பு நடக்கிறது. கொல்கத்தா, காஷ்மீர், புனே, பெங்களூரு என்று பல இடங்களிலிருந்து விதைகள் வரும். சாமந்தி வகைகள், பெட்டூனியா, ஆஸ்டர், சால்வியா, பேன்சி என ஒவ்வொன்றுக்கும் பூக்க ஆகும் நாள் வேறு. எல்லாம் மே மாதத்தின் ஒரே வாரத்தில் பூத்து நிற்க வேண்டுமென்றால், நாள்களைப் பின்னோக்கி எண்ணி ஒவ்வொன்றையும் அதனதன் நாளில் விதைக்க வேண்டும். ஜனவரி வாக்கில் ரோஜா பூங்காவில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடும் வேலை, நடக்கும். அதற்கும் இதே கணக்குதான். ஒரு வாரம் தள்ளிப்போனால் கண்காட்சியன்று மொட்டைத்தான் காட்ட முடியும்.

மே முடிந்ததும் பெரும் புல் மைதானம் மிதிபட்டு, வெறும் மண்ணாகத் தெரியும். அதை மூடிவிட்டு, மண் போட்டு, உரமிட்டு, புல்லை மறுபடியும் எழுப்ப வேண்டும். அந்த வாரங்களில் ஒவ்வொரு நாளும் ஒருவராவது வந்து, "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம்" என்று கேட்பார்கள். மறுப்பதற்குத் தயங்கக் கூடாது. மறுக்கும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குள் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், வடிகால் வேலை வந்துவிடும், இரண்டாம் பருவத்துக்கான நாற்றுகளும் தயாராக வேண்டும்.

மலர்க் கண்காட்சியை நடத்துவது எவ்வளவு பெரிய வேலை?

1896இல் தொடங்கிய கண்காட்சி இது. 2023இல் 125ஆவது கண்காட்சி நடந்தது. ரோஜா பூங்கா அமைந்ததே இதன் நூற்றாண்டையொட்டித்தான். அதே பூங்காவுக்கு 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு விருதும் கிடைத்தது. குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைப் பொருள் கண்காட்சி என்று அந்த மாதம் முழுவதும் மாவட்டமே ஓடிக்கொண்டிருக்கும். காட்சி மாடத்தில் அடுக்கப் பல்லாயிரம் பூந்தொட்டிகள் தயாராக வேண்டும். பெரிய மலர் உருவங்களுக்குக் கொய்மலர்களை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். அவை வாடும் முன் செருகி முடிக்க இரவு முழுவதும் வேலை நடக்கும்.

எனக்கு அந்த மலர் உருவங்களைவிடத் தொட்டிச் செடிகள்மீதுதான் மதிப்பு அதிகம். உருவங்கள் சில நாள்களில் வாடிவிடும், பணம் கொடுத்தால் மறுபடியும் கிடைக்கும். மாடத்தில் இருக்கும் ஒவ்வொரு தொட்டியும் நம்முடைய நாற்றங்காலில், நம் பணியாளர்களின் கையில் பல மாதம் வளர்ந்தது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் மாடத்துக்கு முன்னால் இன்னும் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி எது?

ஆள்கள். பூங்கா நிர்வாகம் என்பது முதலில் பணியாளர் நிர்வாகம். செடி அதற்கு அடுத்துத்தான். இதைப் படிப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு தாவரவியல் பூங்காவின் உண்மையான சொத்து எது என்று கேட்டால் பலர் பழைய மரங்களைக் காட்டுவார்கள், அல்லது 2 கோடி ஆண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும் கல்மரத்தைக் காட்டுவார்கள். நான் நாற்றங்காலில் உட்கார்ந்து பெகோனியா நாற்றைப் பிரித்து நடும் அம்மாவைக் காட்டுவேன். தூசிபோன்ற விதை அது. முளைத்த நாற்றை விரலால் தொட்டாலே ஒடிந்துவிடும். எவ்வளவு ஈரம் போதும், எந்தப் பெரணிக்கு எந்த மூலை ஒத்துவரும், எந்தப் பாத்தியில் பனி முதலில் இறங்கும் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்தவர்களின் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. அதிகாரிகள் மூன்று ஆண்டுக்கொருமுறை மாறுவார்கள். அந்தப் பணியாளர்கள் இருப்பார்கள்.

ஆனால் அவர்களில் பலர் நெடுங்காலமாகத் தினக்கூலிகளாகவும் தற்காலிகப் பணியாளர்களாகவும் இருந்து வந்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டு நீலகிரிப் பூங்கா, பண்ணைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். நிரந்தரம் வழங்குவது பூங்கா மேலாளரின் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை வேறு: வருகைப் பதிவு ஒருநாளும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது, கூலிப் பட்டியலைத் தாமதமின்றி அனுப்புவது, மழைக்கோட்டும் காலணியும் கையுறையும் பருவத்துக்கு முன்பே வாங்கித் தருவது, பெண்களுக்கு உடை மாற்றவும் சாப்பிடவும் கதவுள்ள ஓர் அறை இருக்கிறதா என்று பார்ப்பது. ஓய்வுபெறப் போகும் பணியாளருடன் ஓராண்டுக்கு முன்பே இளையவர் ஒருவரைச் சேர்த்துவிடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலான அலுவலகங்கள் செய்வதில்லை. ஓய்வு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் அறிந்தது அனைத்தும் அந்தப் பொன்னாடையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகளுக்கு நான் சொல்வது: முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். காலையில் மேஸ்திரியோடு நடங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். வயதில் மூத்தவரை "அண்ணா", "அக்கா" என்று அழைப்பதால் உங்கள் பதவி குறைந்துவிடாது.

கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மலைப்பாதையிலேயே ஓரளவு கட்டுப்பாடு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. ஆனாலும் கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் நுழைவாயிலில் நின்றால் கடல் போலக் கூட்டம் வரும். மேலாளர் கவனிக்க வேண்டியவை சாதாரணமானவை: கழிப்பறையில் தண்ணீர், குடிநீர், முதியோர் உட்கார இருக்கை, வழிதவறிய குழந்தையை எங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்ற தெளிவான ஏற்பாடு. புகார்ப் பதிவேட்டைப் புரட்டினால் பூவைப் பற்றிய புகார் மிகக் குறைவு, கழிப்பறையைப் பற்றியதே மிகுதி. கழிப்பறையைத் தினமும் தானே போய்ப் பார்க்கும் மேலாளரிடம் பூங்கா நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 முதல் தடை உண்டு; நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைத் தொடங்கிய மாவட்டம். தடை மட்டும் போதாது. குடிநீர் எளிதாகக் கிடைத்தால்தான் பாட்டில் உள்ளே வராது.

ஆபத்தான மரத்தை மேலாளர் வெட்டிவிடலாமா?

முடியாது. மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. உரிய அனுமதி பெற்றுத்தான் வெட்ட வேண்டும். அதனால் மழைக்கு முன்பே மரங்களைச் சுற்றிப் பார்த்து, சாய்ந்தவை, உள்ளே பொக்கை விழுந்தவை, வேர் தெரிபவை ஆகியவற்றைப் படத்தோடு பதிவு செய்து அனுமதிக்கு எழுதிவிட வேண்டும். ஜூலையில் காற்று அடிக்கும்போது எழுதினால் காலம் கடந்துவிடும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நனைந்த மண்ணில் எளிதாகச் சாய்பவை.

மழையை இங்கே யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்று எச்சரிக்கை வந்தால் பூங்காவை மூடும் முடிவைத் தயங்காமல் எடுக்க வேண்டும். ஒருநாள் வசூல் போவதைப் பற்றி யோசிக்கக் கூடாது.

காட்டு விலங்குகள் வருமா?

வரும். காட்டெருமைகள் ஊட்டி, குன்னூர்த் தெருக்களிலேயே நடமாடுகின்றன. பூங்காவுக்குள் வந்தால் கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். நாமே விரட்டப் போகக் கூடாது.

அலுவலக வேலை எவ்வளவு இருக்கும்?

பாதி நாள் அதுதான். தொட்டி வாங்கினாலும் புல்வெட்டும் எந்திரம் வாங்கினாலும் ஒப்பந்தப்புள்ளி விதிகள் பொருந்தும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்புப் பதிவேடு, டிக்கெட் கணக்கு, கூலிப் பட்டியல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் குறை காட்டும் தணிக்கையாளரின் ஆட்சேபம், வரும். அது நீங்கள் ஓய்வுபெறும் நாள்வரை பின்னாலேயே வரும். விதை தாமதமானால் பூ வராது என்பதால், கொள்முதலை மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கோப்பு வேலையை இழிவாக நினைக்கும் நல்ல தோட்டக்கலைஞர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பூங்காவில் உரம் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

பெண்களுக்கு ஏற்ற பணியா?

ஆம். நாற்றங்கால் வேலையில் பெண்களே மிகுதி. அதிகாரிகளிலும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கண்காட்சி நாள்களில் இரவில் வெகுநேரம் இருக்க வேண்டியிருக்கும். அதற்கான போக்குவரத்தையும் பாதுகாப்பையும் அலுவலகம் செய்து தர வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

உள்ளூர் மக்களோடு உறவு எப்படி இருக்க வேண்டும்?

தாவரவியல் பூங்காவின் மேல்புறத்திலேயே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான கார்டன் மந்து இருக்கிறது. பூங்கா வருவதற்கு முன்பிருந்தே அந்த மலை அவர்களுடையது. பயணிகள் அதையும் பூங்காவின் ஒரு காட்சியாக நினைத்து நுழைவதைத் தடுப்பது நம் கடமை. அது மக்கள் வாழும் இடம். பூங்காவை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோரிடமும் மூடும் நாள்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அரசுத் தோட்டக்கலைத் துறையை விட்டால் வேறு வாய்ப்புகள்?

சென்னை மாநகராட்சி மட்டுமே 700க்கும் மேற்பட்ட பூங்காக்களைப் பராமரிக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்களில் பெரும்பகுதிப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களிடம் போவதால் மேற்பார்வையாளர் வேலைகள் அங்கே உண்டு. கல்லூரி வளாகங்கள், மருத்துவமனைகள், குடியிருப்பு வளாகங்களும் ஆள் தேடுகின்றன.

வெளிநாடு என்றால் சிங்கப்பூரைத்தான் முதலில் சொல்வேன். அங்கே தேசியப் பூங்காக் கழகம் நகரம் முழுவதையும் ஒரே பூங்காத் தொகுதியாக நிர்வகிக்கிறது. 1859இல் தொடங்கிய அவர்களுடைய தாவரவியல் பூங்கா 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மர மருத்துவத்தில் பன்னாட்டு மரவியல் சங்கத்தின் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. அந்தத் தேர்வை எழுத மூன்று ஆண்டு முழுநேர அனுபவமோ, படிப்பும் அனுபவமும் சேர்ந்த தகுதியோ வேண்டும். தமிழ்நாட்டில் மரத்தை முறையாகப் பரிசோதித்து அறிக்கை தரக்கூடியவர்கள் மிகச் சிலரே. இளைஞர்கள் இதில் இறங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

மாணவராக இருக்கும்போதே என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்ப் பூங்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா மாதமும் போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த வழியில் மக்கள் புல்லை மிதித்துக் குறுக்கே நடக்கிறார்கள், எந்த இருக்கை எப்போதும் காலியாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கவாத்துக் கத்தியைக் கையில் பிடித்து வெட்டிப் பழகுங்கள். கணினியில் அட்டவணை போடக் கற்றுக்கொள்ளுங்கள்; விதைப்பு நாள்களைப் பின்னோக்கி எண்ணுவதற்கு அது போதும். விடுமுறையில் நாற்றங்கால் ஒன்றில் வேலைக்குச் சேர முடிந்தால் சேருங்கள். கூலி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இலவசமாக மட்டும் வேண்டாம். கூலி வாங்கி வேலை செய்யும்போதுதான், பக்கத்தில் உட்கார்ந்து நாற்றுப் பிடுங்குபவர் உங்களைத் தன்னோடு வேலை செய்பவராக ஏற்றுக்கொண்டு பேசுவார்.